டீசல் காரில் பெட்ரோல் நிரப்பிவிட்டால்... இன்ஜினை இயக்கும் முன் அறிய வேண்டியவை

கொச்சி: டீசலில் ஓடும் காரில் பெட்ரோலோ, பெட்ரோலில் ஓடும் காரில் டீசலோ தவறுதலாக நிரப்பப்படுவது எந்த ஊரிலும் நிகழக்கூடியது. தவறு தெரிந்தவுடன் இன்ஜினை இயக்காமல் நிறுத்திக்கொண்டால், டேங்கைக் காலி செய்து சுத்தப்படுத்தும் செலவோடு அது முடிந்துவிடும். அறியாமலோ, ஓட்டிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையிலோ இன்ஜினை இயக்கிவிட்டால், அதே தவறு லட்சம் ரூபாயைத் தாண்டும் பழுதாக மாறக்கூடும். இழப்பின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எரிபொருள் நிரப்பிய பின் வரும் அந்தச் சில நிமிடங்களே.

வாடகைக் கார் ஓட்டுநர்கள், வெளியூரிலிருந்து வரும் பயணிகள், பல வகை வண்டிகளை மாறி மாறி ஓட்டுவோர் ஆகியோரிடையே இந்தத் தவறு நேரும் வாய்ப்பு கூடுதல். இம்மூவரும் சேர்ந்து காணப்படும் இடங்களில் ஒன்று கொச்சி நகரை ஒட்டிய வல்லார்பாடம் தீவு.

வல்லார்பாடம்: பல எரிபொருள்கள் சந்திக்கும் தீவு

கொச்சியின் காயல் பரப்பில் அமைந்த வல்லார்பாடம், 2004-ல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்களால் எர்ணாகுளத்துடனும் வைப்பின் தீவுடனும் இணைக்கப்பட்டது. இங்குள்ள சர்வதேச சரக்குப் பெட்டக மாற்று முனையத்தை 2011 பிப்ரவரி 11-ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். முனையத்திலிருந்து களமசேரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 966ஏ, மக்கள் பேச்சில் 'கன்டெய்னர் சாலை' என்றே வழங்குகிறது. இச்சாலையில் சரக்குப் பெட்டகம் ஏற்றிய டீசல் டிரெய்லர்கள் ஓடுகின்றன.

வல்லார்பாடம் அன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 24-ல் நடைபெறும் பெருவிழாவுக்கும் பிற நாட்களில் வழிபாட்டுக்கும் வருவோரில் தமிழ்நாட்டினரும் உண்டு. அவர்களுள் பலர் வாடகைக் காரிலோ, உறவினரின் காரிலோ வருகின்றனர். கேரளக் கரையோரத்து மீனவர்கள் பயன்படுத்தும் அவுட்போர்டு இன்ஜின்களில் ஒரு வகை, பெட்ரோலில் தொடங்கப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவது. இத்தகைய இன்ஜின் இரண்டு எரிபொருளையும் ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டது. கார் இன்ஜினுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. எந்த எரிபொருளும் தன்னளவில் தவறானதன்று; அதற்கென வடிவமைக்கப்படாத இன்ஜினுக்குள் செல்லும்போதே தவறாகிறது.

இரண்டும் ஏன் ஒன்றுக்கொன்று மாறாது?

பெட்ரோல் இன்ஜினில், எரிபொருளும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. தீப்பொறி வரும் முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதே நல்ல பெட்ரோலின் இயல்பு. இந்தத் தாங்குதிறனைக் குறிப்பதே ஆக்டேன் எண்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்று மட்டும் பெட்ரோல் இன்ஜினில் உள்ளதைவிட மிகுதியாக அழுத்தப்பட்டு, அதனால் கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் பீய்ச்சப்பட்டவுடன் தானாகவே பற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்கிறது என்பதைக் குறிப்பது சீட்டேன் எண். ஒன்றில் குறையாகக் கருதப்படுவது மற்றொன்றில் தேவையாக இருப்பதால், இவ்விரு எரிபொருள்களும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக முடியாது.

இரண்டாவது வேறுபாடு வழவழப்பு. டீசல் எண்ணெய்த்தன்மை கொண்டது. தான் கடந்து செல்லும் பம்ப், இன்ஜெக்டர் ஆகியவற்றின் உலோகப் பகுதிகள் உரசிக்கொள்ளாமல் காப்பதும் அதுவே. பெட்ரோல் ஒரு கரைப்பான். எண்ணெய்ப் பசையைக் கழுவி அகற்றிவிடும். டீசல் காரில் பெட்ரோல் செல்வது மிகவும் கேடானது என்று கருதப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

டீசல் காரில் பெட்ரோல் சென்றால்

இன்று சாலையில் உள்ள டீசல் கார்களில் பெரும்பாலானவை 'காமன் ரெயில்' எனப்படும் முறையில் இயங்குபவை. இம்முறையில் உயரழுத்த பம்ப் டீசலை 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் அளவுக்குச் சற்றே கூடுதல் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும்.

இத்தகைய பம்பில் பெட்ரோல் கலந்த டீசல் நுழையும்போது வழவழப்பு குறைந்து உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. அதில் உதிரும் நுண்ணிய துகள்கள் எரிபொருளுடன் பயணித்து, இன்ஜெக்டர்களின் துளைகளை அடைக்கின்றன. மீதி எரிபொருள் திரும்பி வரும் குழாய் வழியாக அத்துகள்கள் டேங்கையும் சென்றடைகின்றன. இந்நிலையில் பம்பை மட்டும் மாற்றினால் போதாது. இன்ஜெக்டர்கள், ரெயில், குழாய்கள், டேங்க் என எரிபொருள் செல்லும் பாதை முழுவதையும் சீர்செய்ய நேரும். செலவு லட்சம் ரூபாயைத் தாண்டுவது இதனால்தான்.

'கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் ஒன்றும் ஆகாது' என்று பழைய மெக்கானிக்குகள் சிலர் கூறுவதுண்டு. இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. குளிர்நாடுகளில் கடுங்குளிரில் டீசல் உறைவதைத் தவிர்க்க, அந்தக் காலத்து டீசல் இன்ஜின்களில் சிறிதளவு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கும் வழக்கம் இருந்தது. குறைந்த அழுத்தத்தில் இயங்கிய அந்த இன்ஜின்கள் அதைத் தாங்கின. காமன் ரெயில் இன்ஜின்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவற்றில் சிறிதளவு பெட்ரோல் சென்றாலும் டேங்கைக் காலி செய்வதே பாதுகாப்பானது.

இந்தக் கலவைக்குத் தீ ஆபத்தும் உண்டு. 2002-ம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள், 23 டிகிரி செல்சியசுக்குக் கீழான வெப்பநிலையிலேயே பற்றக்கூடிய ஆவி தரும் பெட்ரோலை 'ஏ' வகுப்பிலும், அதைவிடக் கூடுதல் வெப்பநிலை தேவைப்படும் டீசலை 'பி' வகுப்பிலும் வைக்கின்றன. டீசலில் பெட்ரோல் கலந்தால் அந்தக் கலவையை பெட்ரோலாகவே கருதிக் கையாள வேண்டும்.

பெட்ரோல் காரில் டீசல் சென்றால்

டீசல் எளிதில் ஆவியாவதில்லை. ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியில் முழுமையாக எரிவதுமில்லை. இன்ஜின் திணறும், தட்டும், வெண்புகையோ கரும்புகையோ கக்கும், பின்னர் நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்குகளில் கரி படியும். எரியாத டீசல் புகைபோக்கிக் குழாய்க்குச் சென்றால், அங்குள்ள வினையூக்கி மாற்றி கெட்டுப்போகலாம். சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலிலும் அது கலக்கக்கூடும்.

இவ்வகைத் தவறில் உயரழுத்த டீசல் பம்பின் கேடு இல்லாததால், சுத்தம் செய்தால் பெரும்பாலான வண்டிகள் மீண்டுவிடும். எனினும் தொடர்ந்து ஓட்டினால் இங்கும் செலவு பெருகும்.

பொதுவாக டீசல் நாசில் பெட்ரோல் நாசிலைவிடப் பருமனானது. எனவே அது பெட்ரோல் காரின் குறுகிய வாயில் எளிதில் நுழைவதில்லை. மெல்லிய பெட்ரோல் நாசிலோ டீசல் காரின் அகன்ற வாயில் தடையின்றி நுழைந்துவிடும். கேடு மிகுந்த தவறே எளிதில் நிகழக்கூடியதாகவும் இருக்கிறது. இரு சக்கர வாகனங்களின் டேங்க் வாய் அகலமானது என்பதால் அவற்றில் இந்தத் தடை இல்லை.

நீல மூடியின் குழப்பம்

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிகளுக்குப் பின், லாரிகள், டிரெய்லர்கள் மற்றும் சில டீசல் கார்களில் இரண்டாவதாக ஒரு டேங்க் இடம்பெற்றுள்ளது. டிஇஎஃப் அல்லது 'ஆட்புளூ' எனப்படும் திரவத்துக்கானது அது. 32.5 சதவீத யூரியாவும் எஞ்சிய பங்கு தூய நீரும் கொண்ட இத்திரவம், புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் பயன்படுகிறது. இந்த டேங்கின் மூடி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

டிஇஎஃப் எரிபொருள் அன்று. அதை டீசல் டேங்கில் ஊற்றினால் யூரியா படிகமாகி, பம்பையும் இன்ஜெக்டர்களையும் அரிக்கும். டீசலை டிஇஎஃப் டேங்கில் ஊற்றினால் அந்த அமைப்பின் ரப்பர் பாகங்களும் உணரிகளும் கெடும். இரண்டு நிலையிலும் வண்டியை இயக்கக் கூடாது என்பதே விதி. இரவு முழுவதும் ஓட்டிவந்த களைப்பில் கேனிலிருந்து தாமே ஊற்றிக்கொள்ளும் சரக்கு வாகன ஓட்டுநர்கள் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும்.

தண்ணீர் கலந்த எரிபொருள்

சரியான எரிபொருளைக் கேட்டுப் பெற்றும், அதில் தண்ணீர் கலந்திருந்தால் விளைவு ஏறத்தாழ ஒன்றே. மத்தியப் பிரதேச முதல்வர் மோகன் யாதவின் பயணத்துக்காக 2025 ஜூன் மாத இறுதியில் ரத்லாமில் டீசல் நிரப்பிய 19 வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்ததையடுத்து, அந்த எரிபொருள் நிலையத்துக்கு அதிகாரிகள் முத்திரையிட்டனர்.

டீசலைவிடத் தண்ணீர் எடை கூடியது. ஆகவே அது டேங்கின் அடியில் தங்கி, முதலில் இன்ஜினுக்குச் செல்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் நிலைமை சற்று வேறு. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படிந்துவிடும். மழைமிகுந்த கேரளம் போன்ற பகுதிகளில் நிலத்தடி டேங்குகளின் மூடி, குழாய் இணைப்பு ஆகியவற்றைக் கண்காணிப்பது இதனால் இன்றியமையாததாகிறது. டீசல் காரின் டாஷ்போர்டில் தண்ணீருக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கூடாது.

தவறு தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

1. நிரப்புவதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். எத்தனை லிட்டர் சென்றது என்பதை மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. இன்ஜினை இயக்கக் கூடாது. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். பல கார்களில் அந்நிலையிலேயே டேங்கினுள் இருக்கும் மின்பம்ப் இயங்கி, எரிபொருளை இன்ஜின் நோக்கித் தள்ளத் தொடங்கிவிடும். பொத்தான் அழுத்தித் தொடங்கும் கார்களுக்கும் இது பொருந்தும்.

3. வண்டியை நியூட்ரலுக்கு மாற்றி, ஊழியர்களின் உதவியோடு கையால் தள்ளி, பம்ப் அருகிலிருந்து ஓரமாக நிறுத்த வேண்டும். ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கச் சாவியின் முதல் நிலையே போதும். இன்ஜின் நின்றிருக்கும்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாக இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களை நியூட்ரலுக்கு மாற்றும் வழி மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கையேட்டைப் பார்க்காமல் வலிந்து தள்ளக் கூடாது.

4. நிலையத்தின் மேலாளரை அழைத்து, நடந்ததை அவரிடம் தெரிவிக்க வேண்டும். ரசீதைப் பெற வேண்டும். ரசீதில் எரிபொருளின் பெயர், அளவு, நேரம், பம்ப் எண் ஆகியவை உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

5. எரிபொருள் நிரப்பும் பகுதியைவிட்டு விலகிச் சென்ற பின், கார் நிறுவனத்தின் சாலையோர உதவி எண்ணையோ, காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணையோ அழைக்க வேண்டும். வண்டியை முழுவதும் ஏற்றிச் செல்லும் மேடை கொண்ட மீட்பு வாகனத்தைக் கேட்பது நல்லது. ஆட்டோமேட்டிக் கார்களையும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளையும் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் பழுதாகலாம்.

செய்யக் கூடாதவை

டேங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி எரிபொருளை எடுப்பது உயிருக்கே ஆபத்தானது. பெட்ரோல் சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் நிமோனியா போன்ற பாதிப்பு உண்டாகும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சரியான எரிபொருளை மேலே நிரப்பிக் கலவையை 'நீர்த்துப்போகச்' செய்துவிடலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது. காலி செய்த கலவையைச் சாக்கடையிலோ, நிலத்திலோ, நீர்நிலையிலோ கொட்டக் கூடாது. வல்லார்பாடத்தைச் சூழ்ந்துள்ள நீர்ப்பரப்பு, 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட வேம்பநாடு ஈரநிலத் தொகுப்போடு இணைந்தது. அங்கு கொட்டப்படும் எரிபொருள் மீனவர்களின் வலைக்கே வந்து சேரும். கலவையை மூடிய உலோகக் கலனில் சேகரித்து, பணிமனை வழியாக முறைப்படி அகற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறை மறைக்கக் கூடாது. பிறரது வண்டியை ஓட்டும் ஓட்டுநர்கள், சம்பளத்தில் பிடித்தம் செய்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் எதையும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுவது உண்டு. குழாயில் எஞ்சியிருக்கும் பழைய எரிபொருளில் வண்டி சிறிது தொலைவு ஓடும் என்பதால், பிழைத்துவிட்டோம் என்ற எண்ணமும் ஏற்படும். சொல்லிவிட்டால் சில ஆயிரம் ரூபாயில் முடியக்கூடியது, சொல்லாமல் விட்டதால் பல மடங்காகிவிடும். ஓட்டுநர் உடனே தெரிவிப்பதை ஊக்குவிப்பது வண்டி உரிமையாளர்களுக்கே இலாபம்.

ஓடும் வண்டி வழியில் நின்றுவிட்டால்

எரிபொருள் நிரப்பிய சற்று நேரத்தில் இன்ஜின் திணறுதல், வழக்கத்துக்கு மாறான தட்டும் ஓசை, வேகம் ஏறாமை, மிகுந்த புகை, எச்சரிக்கை விளக்கு ஆகியவை தோன்றினால், தவறான எரிபொருள் சென்றிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். பாதுகாப்பான ஓரம் கிடைத்தவுடன் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்க வேண்டும். மறுபடியும் 'ஸ்டார்ட்' செய்து பார்க்கக் கூடாது.

பாலங்களிலும் கனரக வாகனங்கள் செல்லும் சாலைகளிலும் நின்றுவிட்டால், வண்டியைவிட மனிதரின் பாதுகாப்பே முதலாவது. நான்கு பக்க எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, பின்னால் போதிய தொலைவில் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்து, பயணிகளைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்ய வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணையும், அவசர நிலையில் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

பணிமனையில் என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் இயக்கப்படாத நிலையில், டேங்கை முழுமையாகக் காலி செய்து கழுவுதல், குழாய்களைச் சுத்தம் செய்தல், எரிபொருள் ஃபில்டரை மாற்றுதல், சரியான எரிபொருளை நிரப்பிக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுதல் ஆகியவற்றோடு வேலை முடியும்.

டீசல் இன்ஜின் இயக்கப்பட்டிருந்தால், பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்து, உலோகத் துகள்கள் உள்ளனவா எனச் சோதிக்கச் சொல்ல வேண்டும். துகள் இல்லையெனில் சுத்தம் செய்தலே போதுமானதாக இருக்கக்கூடும். துகள் காணப்பட்டால் பம்ப், இன்ஜெக்டர்களைச் சோதிப்பது தவிர்க்க முடியாதது. பெட்ரோல் இன்ஜின் இயக்கப்பட்டிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைச் சோதித்து, இன்ஜின் ஆயிலையும் மாற்றுவது நல்லது. எவ்வளவு எரிபொருள் சென்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற இரண்டு தகவல்களையும் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொன்னால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு குறையும்.

இழப்பை யார் ஏற்பது?

இந்தியாவில் பெரும்பாலான எரிபொருள் நிலையங்களில் வாடிக்கையாளர் தாமே நிரப்பிக்கொள்வதில்லை, ஊழியரே நிரப்புகிறார். ஆகவே, என்ன கேட்கப்பட்டது, என்ன நிரப்பப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே பொறுப்பு அமையும். டீசல் என்று கேட்டும் ஊழியர் பெட்ரோல் நிரப்பியிருந்தால், அது சேவைக் குறைபாடு எனக் கோர முடியும். ஓட்டுநரே மாற்றிச் சொல்லியிருந்தால் கோரிக்கை வலுவிழக்கும்.

ரசீது, மீட்டரின் புகைப்படம், மேலாளரிடம் அளித்த எழுத்துவழிப் புகாரின் நகல், பணிமனையின் சோதனை அறிக்கை, பழுதான பாகங்கள் ஆகியவை சான்றுகளாகும். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு எழுத்தில் கேட்க வேண்டும். எரிபொருளின் தரத்திலேயே ஐயம் இருந்தால், அடர்த்திச் சோதனையையும், பெட்ரோலுக்கு வடிதாள் சோதனையையும் அங்கேயே செய்துகாட்டுமாறு கோரலாம். கலப்படத்தைத் தடுக்க, பெட்ரோல், டீசல் விநியோக ஒழுங்குமுறை ஆணை 2005 நடைமுறையில் உள்ளது.

புகாருக்கு முதற்படி, நிலையத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ள எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண். அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பொருள் அல்லது சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது கட்டணம் இல்லை. இணையவழியிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

வெளியூர்ப் பயணிகளுக்கு முக்கியமான ஓர் உரிமையை இச்சட்டத்தின் 34-வது பிரிவு தருகிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொச்சியில் தவறு நேர்ந்தாலும், மதுரையைச் சேர்ந்த பயணி மதுரையில் புகார் அளிக்க முடியும். ஒவ்வொரு விசாரணைக்கும் எர்ணாகுளம் செல்ல வேண்டியதில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுதும் தொடர்விளைவு இழப்பும் விலக்கப்பட்டவை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்தவர்களும், தவறான எரிபொருள் அதில் அடங்குமா என்று ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சாலையோர உதவித் திட்டங்கள் சிலவற்றில், வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு மட்டும் அடங்கும். கார் நிறுவனத்தின் உத்தரவாதத்திலும் தவறான எரிபொருளால் வரும் பழுது பொதுவாகச் சேராது.

தவறைத் தடுக்கும் வழிகள்

ஒரே மாதிரி கார் பெட்ரோலிலும் டீசலிலும் விற்கப்படுவது குழப்பத்துக்கு முதற்காரணம். ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், டாடா நெக்சான், மகிந்திரா தார் போன்றவை இரு வகையிலும் விற்பனையானவை. வாடகைக் கார்களில் பெரிதும் காணப்படும் இன்னோவா குடும்பத்திலும், கிரிஸ்டா டீசலில் விற்பனையாக, ஹைகிராஸ் பெட்ரோலில் ஓடுகிறது. பெயரை வைத்தோ, வடிவத்தை வைத்தோ ஊழியர் ஊகிப்பதற்கு இடம் தரக் கூடாது.

இதற்கு உதவும் ஓர் அடையாளம் பல கார்களின் முன்கண்ணாடியிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வாகனங்களில், முன்கண்ணாடியின் உட்புற இடது மேல்மூலையில் ஒட்டப்படும் பதிவு ஸ்டிக்கர், டீசலுக்கு ஆரஞ்சு நிறத்திலும், பெட்ரோல், சிஎன்ஜிக்கு இளநீல நிறத்திலும் இருக்க வேண்டும். பிஎஸ்-6 வாகனங்களில் இதன் மேல் ஒரு பச்சைப் பட்டையும் இருக்கும். அது மாசு விதியைக் குறிப்பது, எரிபொருளை அன்று. புதிதாக ஒரு காரை எடுத்து ஓட்டுபவர் முதலில் இந்த நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் 2018 அக்டோபர் முதல் புதிய வாகனங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், வாயு எரிபொருளுக்குச் சாய்சதுரம் என்ற வடிவக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன. மொழி தெரியாதவரும் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

விமானத் துறையும் இத்தகைய தவறிலிருந்தே பாடம் கற்றது. அமெரிக்க விமானி பாப் ஹூவரின் சிறிய விமானத்தில், 1978-ல் விமானப் பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் எரிபொருள் நிரப்பப்பட்டது. மேலெழும்பியபின் இரு இன்ஜின்களும் நின்றுபோக, விமானத்தை அவர் தரையிறக்கி உயிர்தப்பினார். தவறு செய்த ஊழியரைத் தண்டிக்குமாறு அவர் கோரவில்லை. மறுநாள் தமது மற்றொரு விமானத்துக்கு அவரே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜெட் எரிபொருள் நாசிலின் வாயை அகலமாக்கி, பெட்ரோல் விமானங்களின் டேங்கில் அது நுழையாதவாறு செய்யும் முறை பின்னர் பரவியது. அந்த நாசில் ஹூவரின் பெயராலேயே அறியப்படுகிறது.

கார்களில் அத்தகைய தடை முழுமையாக இல்லாத வரை, பின்வரும் எளிய பழக்கங்களே காப்பு:

- டேங்க் மூடியின் உட்புறத்தில் எரிபொருளின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தல்.
- தொகையை மட்டும் சொல்லாமல், 'டீசல், இரண்டாயிரம் ரூபாய்க்கு' என எரிபொருளின் பெயரை முதலில் சொல்லுதல்.
- வண்டியிலிருந்து இறங்கி நின்று, நாசிலையும் மீட்டரில் உள்ள பெயரையும் பார்த்தல்.
- நிரப்பும் நேரத்தில் கைப்பேசியைத் தவிர்த்தல்.
- ரசீதைப் படித்த பின்னரே சாவியைத் திருப்புதல்.
- வாடகைக்கோ இரவலாகவோ கொடுக்கும் வண்டியில், எரிபொருளின் பெயரைச் சாவிக்கொத்திலேயே எழுதித் தொங்கவிடுதல்.

இவற்றுள் ஒன்றையாவது கடைப்பிடித்தால் பெரும்பாலான தவறுகள் நிரப்பும் இடத்திலேயே பிடிபடும். அதையும் மீறித் தவறு நிகழ்ந்துவிட்டால், சாவியைத் திருப்பாமல் இருப்பதும், நடந்ததை உடனே சொல்வதுமே செலவைக் குறைக்கும் வழிகளாகும்.